குன்னூரில் ஒரு நல்ல பிரிண்ட் கடை: 45 காலண்டரும் அம்மாவின் பழைய படமும்

குன்னூர், கோத்தகிரி பக்கம் போட்டோ பிரிண்ட் போடவும் கொஞ்சமாகக் காலண்டர் அடிக்கவும் நல்ல கடை இருக்கிறதா என்று இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். போனில் ஆளுக்குக் கொஞ்சமாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன். இருக்கிறது. குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்போர்டுக்கு ஏறுகிற வழியில், ஒரு மாடிப்படிக்கு மேலே. பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்கார அண்ணன் கேட்டுக்கொண்டார், அவரும் மகளும் இரண்டே பேர், மெஷின் ஒன்று, டிசம்பரில் வருகிற வேலையே ராத்திரி பத்து மணி வரை இழுக்கிறதாம். நேரில் கேட்டால் வழி சொல்கிறேன்.

முதலில் நான் என்ன வேலைக்குப் போனேன் என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் உங்களுக்கு இந்தக் கடை ஒத்துவருமா என்று தெரியும். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். காலையில் ஆறே முக்காலுக்கு பஸ். வீட்டிலிருந்து பஸ்ஸுக்கு நடக்கிற இருபது நிமிஷத்தில் தினமும் ஒரு படமாவது போனில் எடுப்பது ஆறு வருஷப் பழக்கம். அதே பாதை, அதே சில்வர் ஓக் மரங்கள், தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற அதே லைன் வீடுகள். ஆனால் ஒரே இடத்தைத் தினமும் பார்த்தால்தான் கவாத்து வெட்டி மொட்டையாக நின்ற செடியில் முதல் துளிர் எந்தப் பக்கம் வருகிறது, எந்த மாதத்தில் வெயில் எந்த வீட்டு ஓட்டில் முதலில் விழுகிறது என்பதெல்லாம் கண்ணுக்குப் பிடிபடுகிறது. போன வருஷம் அதிலிருந்து 12 படத்தை எடுத்து, எங்கள் லைனில் இருக்கிற 45 வீட்டுக்கும் ஆளுக்கொரு காலண்டர் கொடுக்க வேண்டும் என்று ஆசை. படம் எல்லாமே அவர்களுடைய படம்தான், எடை போடுகிற இடத்தில் வரிசையாக இறக்கி வைத்த நைலான் பைகள், மழைக்குப் போர்த்திய நீலப் பிளாஸ்டிக் தாளுக்குள் நாலு பேர் ஒன்றாக நின்று டீ குடிப்பது, இப்படி.

45 என்பது ஒரு சிக்கலான எண். சிவகாசிக்காரர்களுக்கு இது ஒரு ஆர்டரே கிடையாது, அங்கே ஆடி 18-க்கே அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டு ஆயிரக்கணக்கில் வேலை பிடித்துவிடுவார்கள். ஆஃப்செட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் நாலு நிறத்துக்கு நாலு பிளேட் போட வேண்டும், அந்தச் செலவை 45-ல் வகுத்தால் கட்டுப்படியாகாது. ஆக டிஜிட்டல் பிரிண்ட்தான். அதற்கு முந்தின வருஷம் இதே மாதிரி வேலையை சமவெளியில் ஒரு பெரிய ஊர் அச்சகத்தில் கொடுத்து ஏமாந்தேன், அதைச் சொன்னால்தான் இந்தக் கடையின் அருமை விளங்கும்.

அந்த வருஷக் காலண்டரை இங்க்ஸ்கேப்பில் நானே வடிவமைத்தேன். இலவச மென்பொருள், என் பழைய லேப்டாப்பிலும் ஓடுகிறது, யூனிகோட் தமிழ் அதில் ஒழுங்காக வருகிறது. எழுத்துக்கு முக்தா மலர், மாதப் பெயருக்கு மீரா இனிமை, இரண்டும் இலவசம்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கட்டம் கட்டமாகப் போட்டு, பிடிஎஃப் ஆக்கி மெயிலில் அனுப்பினேன். அச்சாகி பார்சல் வந்தது. கிழமை வரிசையைப் பார்த்ததும் நெஞ்சு அடைத்துவிட்டது. ஞா, தி, வி, ச நன்றாக இருக்கிறது. ஆனால் செவ்வாய்க்குப் போட்ட ‘செ’-யில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒரு புள்ளி வட்டத்தோடு நிற்கிறது. வெள்ளியும் அப்படியே. புதனில் ‘பு’ சேரவே இல்லை, ப தனியாக, கால் தனியாக. ஒரு மாதத்துக்கு மூன்று கிழமை, 12 மாதத்துக்கு 36 இடம். நான் அனுப்பிய பிடிஎஃப்பை அவர்கள் தமிழ் யூனிகோடைச் சேர்க்கத் தெரியாத ஒரு பழைய மென்பொருளில் திறந்து வேலை பார்த்திருக்கிறார்கள், ஒருவர்கூட அச்சுக்கு முன்னால் அந்த வரிசையை வாசித்துப் பார்க்கவில்லை. கேட்டதற்கு, நீங்கள் கொடுத்த ஃபைல் அப்படி என்றார்கள். அந்த 45 காலண்டரையும் பேனாவால் திருத்திக் கொடுத்தோம், நானும் தம்பி பொண்டாட்டியும்.

சரி, இந்தக் கடைக்கு வருகிறேன். முதல் நாள் பென் டிரைவை நீட்டினேன். அண்ணனின் மகள், அந்தத் தங்கச்சி, ஃபைலைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, “எழுத்தெல்லாம் கர்வ் போட்டாச்சாக்கா?” என்பதுதான். எழுத்தை எழுத்தாக வைக்காமல் வெறும் கோட்டு உருவமாக மாற்றிவிடுவதைத்தான் கர்வ் என்கிறார்கள், அப்படி மாற்றிவிட்டால் எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் கொம்பு இடம் மாறாது. இங்க்ஸ்கேப்பில் எல்லா எழுத்தையும் தேர்ந்தெடுத்து ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்தால் போதும். நான் போட்டிருக்கவில்லை. அங்கேயே என் லேப்டாப்பில் ஒரு பிரதி எடுத்து மாற்றச் சொன்னாள். அதற்கப்புறமும் அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 12 பக்கத்தையும் விரல் வைத்து வாசித்தார், தேதி வரை.

அவர் அப்படி வாசிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அவருடைய அப்பா அச்சுக் கோர்த்தவர். மேசை டிராயரில் ஒரு பிஸ்கட் டப்பா, அதற்குள் ஈய எழுத்துகள், எல்லாம் பழைய கொம்பு போட்ட லை, னை, ணை. 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்த பிறகு அந்த எழுத்துகளுக்கு மெல்ல மெல்ல வேலையில்லாமல் போனது, அப்பா உருக்கக் கொடுக்காமல் எடுத்து வைத்துக்கொண்டார் என்றார். ஒரு ‘லை’யை என் உள்ளங்கையில் வைத்தார். கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறிய எழுத்து, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது, அந்தச் சுழி அவ்வளவு கூர்மை. அதைத் தலைகீழாக வாசித்தே பிழை கண்டுபிடித்தவர் பிள்ளைக்கு என் கிழமை வரிசை ஒன்றும் பெரிய காரியமில்லை.

அடுத்தது படங்கள். இரண்டு படத்தை அவர்கள் அச்சடிக்க மறுத்துவிட்டார்கள், எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. என் போன் படம் அகலவாக்கில் 4032 புள்ளி (பிக்சல்). ஏ4 தாளின் நீளம் 11.69 இன்ச், அப்படியானால் ஒரு இன்ச்சுக்கு ஏறக்குறைய 345 புள்ளி, தாராளம். ஆனால் அந்த இரண்டு படமும் தோழி எடுத்தது, வாட்ஸாப்பில் எனக்கு அனுப்பி நான் சேமித்தது, நீளம் 1600 புள்ளிதான் இருந்தது. இன்ச்சுக்கு 137. போனில் பார்க்கும்போது வித்தியாசமே தெரியாது, தாளில் முடியெல்லாம் கரைந்து பஞ்சு மாதிரி ஆகிவிடும். “ஒரிஜினலை டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்கக்கா, நாளைக்குப் போட்டுக்கலாம்” என்று அந்தப் பக்கங்களை மட்டும் நிறுத்தி வைத்தாள். இன்னொன்று, போன் படம் நாலுக்கு மூன்று என்ற அளவில் இருக்கும், ஏ4 அதைவிடக் கொஞ்சம் நீளம், அதனால் மேலேயோ கீழேயோ கொஞ்சம் வெட்டித்தான் ஆக வேண்டும். எதை வெட்டுவது என்று ஒவ்வொரு படத்துக்கும் என்னிடம் கேட்டார்கள். வேறெந்தக் கடையிலும் என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை, மெஷினே நடுவில் வைத்து வெட்டிவிடும், யாருக்காவது கால் போயிருக்கும்.

நிறம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் மலையில் படம் எடுக்கிற எல்லாருக்கும் வருகிற பிரச்சினை அது. நமக்கு இங்கே இரண்டு நிறம்தானே முக்கியம், கொழுந்தின் பச்சையும் மலையின் நீலமும். இரண்டுமே அச்சுக்கு அடங்காத நிறம். திரை வெளிச்சத்தால் காட்டுகிறது, தாளோ மையால் காட்டுகிறது, அந்த மஞ்சள் கலந்த பளீர்ப் பச்சையை நாலு மையைக் கலந்து கொண்டுவர முடியாது, அதிலும் போன்கள் பச்சையை ஏற்கெனவே தூக்கித்தான் காட்டும். என் ஏப்ரல் படத்தில் இருந்த கொழுந்து முதல் பிரிண்டில் வேகவைத்த கீரை மாதிரி வந்தது. நீலம் இன்னும் மோசம், இன்னொரு படத்தில் மலை ரயில் பெட்டியின் நீலமும் பின்னால் இருந்த மலையும் ஊதாவாகிவிட்டன. அவள் எனக்குத் திரையில் காட்டினாள், சயான் என்ற வெளிர்நீல மையும் மெஜந்தா என்ற கருஞ்சிவப்பு மையும் சரிக்குச் சரி இருந்தால் கண்ணுக்கு நீலம் தெரியாது, ஊதாதான் தெரியும், மெஜந்தாவை சயானைவிட நன்றாகக் குறைத்து வைக்க வேண்டும். குறைத்தாள். ரயில் பழையபடி நம் ரயில் ஆனது. பச்சைக்கு அவள் செய்தது இன்னும் நல்ல யோசனை, கொழுந்தை மேலும் பளிச்சாக்க முயலாமல் பின்னால் இருந்த முற்றிய இலைகளைக் கொஞ்சம் இருட்டாக்கினாள், அந்த இருட்டுக்கு முன்னால், அதே மையிலேயே கொழுந்து எடுப்பாகத் தெரிந்தது.

ஒவ்வொரு தடவையும் முழுப் பக்கம் அடிப்பதில்லை. படத்தின் முக்கியமான இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் அடித்து, வாசலுக்கு எடுத்துப் போய் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். டியூப்லைட்டுக்குக் கீழே ஒரு முடிவும் எடுப்பதில்லை. இந்தப் பழக்கம் அண்ணனுக்கு டார்க் ரூமிலிருந்து வந்தது. ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ‘இந்து’ ஃபிலிம் போட்டு எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைக் கழுவிக் கற்றுக்கொண்டவர். அந்த நாளில் தாள் விலை அதிகம், முதலில் ஒரு துண்டில் சோதித்துவிட்டுத்தான் முழுத் தாளைத் தொடுவோம் என்றார்.

மூடுபனிப் படம் ஒன்று இருந்தது, நவம்பருக்கு. நான் அதில் வெள்ளை சாம்பலாகிவிட்டது என்று கவலைப்பட்டேன், அவர் பட்டையைப் பார்த்துவிட்டு, “இது பிரிண்ட் தப்பில்லைம்மா, எடுக்கும்போதே அப்படித்தான்” என்றார். விஷயம் என்னவென்றால் கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும், காட்சி முழுக்க வெள்ளையாகப் பனி நின்றால் அதையும் சாம்பலாக்கிவிடும். போனில் ஆளின் மேல் விரலை வைத்து, பக்கத்தில் வருகிற சூரியக் குறியை மேலே கொஞ்சம் நகர்த்த வேண்டும், பெரிய கேமராவாக இருந்தால் எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) +1 வைக்க வேண்டும். அன்றிலிருந்து அப்படித்தான் எடுக்கிறேன், பனி பனியாகவே வருகிறது.

தாளும் இங்கே ஒரு பாடு. குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, காலண்டர் வேலையும் அதே அக்டோபர், நவம்பரில்தான். ஈரம் குடித்த தாள் மெஷினிலிருந்து சுருண்டு வரும், மை சரியாகப் பிடிக்காது. இவர்கள் தாளைக் கட்டுப் பிரிக்காமல், உள்ளே குண்டு பல்ப் எரிகிற மர அலமாரியில் வைத்திருக்கிறார்கள் (கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கவும் இங்கே பலர் செய்வது இதைத்தான், அல்லது காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்). அடை மழை அன்று லேமினேஷன் போட மாட்டேன் என்று திருப்பி அனுப்பினார்கள், ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டால் பிறகு குமிழ் கிளம்பும் என்று. இரண்டு நாள் தள்ளிப்போனது. இப்போது எட்டு மாதம் ஆகிறது, எங்கள் வீட்டுச் சமையல்கட்டில் தொங்குகிற காலண்டர் அட்டை இன்னும் தட்டையாக இருக்கிறது.

காலண்டர் முடிந்தது. ஆனால் இந்தக் கடையை நான் ஊருக்கெல்லாம் சொல்வது காலண்டருக்காக மட்டும் இல்லை.

அம்மாவிடம் ஒரு படம் உண்டு. 1964-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து இங்கே வந்தவர்களில் அம்மா குடும்பமும் ஒன்று. ஹட்டன் பக்கத்துத் தோட்டம், தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேசுவரம், மண்டபம் முகாம், அப்புறம் நீலகிரி, அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயில் கொழுந்து எடுக்கிற வேலை. பாஸ்போர்ட்டுக்காக அங்கே ஒரு ஸ்டூடியோவில் குடும்பத்தோடு எடுத்த படம் அது, 9 செ.மீ. நீளம் இருக்கும். தாத்தா, அம்மாயி (அம்மாவின் அம்மா), அம்மா, இரண்டு மாமா. அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. குறுக்கே ஒரு மடிப்பு, ஒரு மூலையில் தண்ணீர்க் கறை, வெள்ளைப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை.

இதை முன்பே ஒரு இடத்தில் ‘கிளியர்’ பண்ணக் கொடுத்திருந்தோம். ஆப்பில் போட்டு பத்து நிமிஷத்தில் கொடுத்துவிட்டார்கள். பளபளவென்று இருந்தது. அம்மா கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது யாரு?” என்று கேட்டார். அம்மாயிக்கு இரண்டு பக்கமும் மூக்குத்தி, அதில் ஒன்றைப் பூஞ்சைப் புள்ளி என்று நினைத்து அந்த ஆப் அழித்திருந்தது, முன்கையில் இருந்த பச்சைக் குத்தும் போய்விட்டது, கன்னமெல்லாம் வழுவழுப்பு, கண் வேறு யாருடையதோ. படம் தெளிவாகத்தான் இருந்தது, அம்மாயி அதில் இல்லை.

இந்தக் கடையில் 1200 டிபிஐ-யில், அதாவது இன்ச்சுக்கு 1200 புள்ளி வைத்து, ஸ்கேன் செய்தார்கள். 9 செ.மீ. படம் 4250 புள்ளி நீளத்துக்கு வந்துவிட்டது, ஏ4 போடப் போதும். பிறகு அந்தத் தங்கச்சி சொன்னது, “அம்மாவைக் கூட்டிட்டு வாங்கக்கா, கேட்டுக் கேட்டுத்தான் பண்ணணும்.” அம்மாவுக்கு முழங்கால் வலி, அந்தப் படி செங்குத்து. போன் போட்டுச் சொன்னதும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டாள், பக்கத்து டீக்கடை பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். படத்தை நாலு மடங்கு பெரிதாக்கி, ஒவ்வொரு கறையாகக் காட்டிக் கேட்டாள். இது புள்ளியா, மூக்குத்தியா? சேலைக்குக் கரை உண்டா, இல்லை இது மடிப்பா? சின்ன மாமா கன்னத்தில் ஒரு வெள்ளைக் கோடு. தாளின் மடிப்பு அவர் முகம் வழியாகத்தான் போகிறது, அதனால் எனக்குப் பார்க்க அதுவும் மடிப்பாகத்தான் தெரிந்தது. “பாட்டி, இது தாள்ல இருக்கிற கோடா, முகத்திலயே இருந்ததா?” அம்மா குனிந்து பார்த்தார். அது தழும்பு. ஃபேக்டரிப் படியில் விழுந்து தகரம் கிழித்த தழும்பு, அன்றைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியது நான்தான் என்று சொன்னார். மாமா இறந்து பதினொரு வருஷம் ஆகிறது. அப்படி ஒரு தழும்பு இருந்ததே எனக்குத் தெரியாது, நான் பார்த்த காலத்தில் அவர் தாடி வைத்திருந்தார்.

கோட்டில் தழும்பை மட்டும் விட்டுவிட்டு மடிப்பை மட்டும் அழித்தாள், பக்கத்துத் தோலிலிருந்து துளித் துளியாக எடுத்து நிரப்பி. ஸ்டூடியோத் திரையில் இருந்த கறையைத் துடைத்தாள். முகங்களைத் தொடவே இல்லை, பழைய படத்துக்கு இருக்கிற அந்த மணல் மணலான தன்மையையும் அப்படியே விட்டாள். அது போனால் முகம் பொம்மை மாதிரி ஆகிவிடும் என்றாள். மேட் தாளில் ஏ4 பிரிண்ட். அம்மா இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை, முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார்.

விலை: காலண்டர் ஒன்று 260 ரூபாய், 12 பக்கமும் அட்டையும், தாளின் கனம் 250 ஜிஎஸ்எம், மேலே கம்பி வளையம் கோர்க்கிற வைரோ பைண்டிங். பழைய படத்தைச் சரிசெய்ய 400, பிரிண்ட் தனியாக 80. கோயம்புத்தூரில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கும், ஆனால் டீக்கடை பெஞ்சு வரை இறங்கி வந்து கேட்கிறவர்களுக்கு 400 ரூபாய் குறைவு என்றுதான் நான் நினைக்கிறேன், அவர்களிடமும் சொன்னேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வேகம் கிடையாது, 45 காலண்டருக்கு 11 நாள் ஆனது. கரண்ட் போனால் வேலை நிற்கும், மழைக்காலத்தில் அது அடிக்கடி. வேலை நேரத்தில் போன் எடுக்க மாட்டார்கள், நேரில்தான் போக வேண்டும். தாளில் இரண்டு வகைதான், மேட், கிளாஸி. கெட்டி அட்டை போட்ட ஆல்பம் செய்வதில்லை. இன்னொன்றையும் மனதில் வையுங்கள், அவர்களே முதலிலிருந்து வடிவமைக்கிற கல்யாணப் பத்திரிகைகளில் எழுத்துக்குக் கீழே நிழல், ஓரத்தில் தங்கக் கோடு, ஒரே வரியில் மூன்று எழுத்துரு என்று எல்லாம் இருக்கும், எனக்கு அது கண்ணை உறுத்துகிறது. தமிழ் எழுத்து அகலமானது, மேலேயும் கீழேயும் கொம்பும் சுழியும் உண்டு, அதற்கு வரிக்கு நடுவே கொஞ்சம் காற்று வேண்டும். அந்தத் தங்கச்சியிடம் நேராகவே சொன்னேன், வாடிக்கையாளர்கள் நிறையக் கேட்கிறார்கள் அக்கா என்றாள். முடிந்தால் வடிவமைப்பை நீங்கள் செய்துகொண்டு போங்கள், நிறத்தையும் அச்சையும் பழைய படங்களையும் கண்ணை மூடிக்கொண்டு அவர்களிடம் விடலாம்.

போகும்போது பென் டிரைவில் கொண்டு போங்கள், ஓரத்தில் வெட்டுப்படுவதற்காகப் படத்தைச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள், எழுத்துக்குக் கர்வ் போட்டுவிடுங்கள், போடாத ஒரு பிரதியையும் கையில் வைத்திருங்கள். ஞாயிறு விடுமுறை. அடுத்த வருஷக் காலண்டரை அக்டோபர் முதல் வாரமே கொடுத்துவிடு என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். பதினொரு படம் எடுத்து வைத்துவிட்டேன், ஜூலைக்குத்தான் இன்னும் அமையவில்லை. இந்த ஜூலை முழுக்கக் காற்றும் சாரலும், எடுத்ததெல்லாம் குடை மட்டும்தான், முகமே கிடைக்கவில்லை.